பாலத்தண்ணன் காரின் பின் சீட்

மட்டாஞ்சேரிக்குப் பொறாமையை இறக்குமதி செய்தவர் பாலத்தண்ணன்தான். அவருக்கு முன்னால் எங்கள் தெருவில் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். கடன் போட்டுப் புதுக் கார் வாங்கினேன். ஏசி, பின்னால் பார்க்கக் கேமரா, எல்லாம் உண்டு. ஒரு மனுஷன் திரும்பிப் பார்க்க வேண்டுமே? தெருவே அண்ணனுடைய இருபத்தைந்து வருடப் பழைய காரைச் சுற்றித்தான் நிற்கும்.

பாலத்தண்ணன் என்ற பேரே அந்தக் காரால் வந்ததுதான். குடும்பத்தோடு கிளம்பினால், வெலிங்டன் தீவுக்குப் போகும் பாலத்தின் ஏற்றத்தில் அது தவறாமல் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாமியார் தள்ளிக்கொண்டே, "மாப்ளே, நடந்தே வந்திருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருப்பேன்" என்றார். அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுவாரமே இடக்கொச்சிப் பழைய இரும்புக் கடையிலிருந்து, ஏதோ ஒரு பெரிய காரின் இன்ஜினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அண்ணா, இது உள்ள கேறாது" என்றேன், மிகுந்த ஆசையோடு.

"கேறும் தம்பி. உன் காருக்குள்ள நீயே கேறுறியே."

கேறித் தொலைத்தது. பானெட் மட்டும் மூடவில்லை. வாணலியைக் கவிழ்த்த மாதிரி அதில் ஒரு மேடு தட்டி மூடினார். அதற்கப்புறம் அந்தக் கார் பாலம் ஏறிய வேகத்தை, என் புதுக் காரில் அதன் புகைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். "அண்ணன் வண்டி என்னமா போவுது பாருங்க" என்றாள் என் மனைவி நளினி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் ஒரு கோளாறு இருந்தது. முன்பாரம் கூடிப்போனதால், பிரேக் போட்டால் மூக்கு தரையைத் தேடும், பின்பக்கம் எழுந்து நிற்கும். வேறெவனாக இருந்தாலும் ஸ்பிரிங் மாற்றியிருப்பான். அண்ணன் தெருவிலேயே கனமான ஆளைத் தேடினார். என்னைவிடக் கனமான ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

"தம்பி, வெறுதே தானே இருக்கே? சாயா வாங்கித் தாரேன், வா. பின் சீட்டுல நடுவுல உக்காரு."

வெட்கமே இல்லாமல் போனேன். சாயாவுக்குப் போனேன், மீன் வாங்கப் போனேன், அவர் மாமியாரை டாக்டரிடம் காட்டக்கூடப் போனேன்.

பிறகு காக்கநாட்டுக்குப் போகும் நாள் வந்தது. மாற்றிய இன்ஜினை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பாஸாகாவிட்டால் காரை ரோட்டில் இறக்கவே முடியாது. வழியெல்லாம், பாஸாகக் கூடாது கடவுளே என்று பின் சீட்டில் வேண்டிக்கொண்டே போனேன்.

வண்டியைத் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்ன இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து மலையாளத்தில் கேட்டுக்கொண்டார். "சேட்டா, ஒந்நு இறங்ஙிக்கே."

இறங்கினால் போதும். ஒரே பிரேக்கில் கதை முடிந்துவிடும், அப்புறம் தெருவில் என் கார்தான். வெளியே அண்ணன் நின்றிருந்தார். ஊரையே வாயடைக்கிற மனுஷன், தோளில் கிடந்த துண்டால், துடைத்த கார்க் கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பாவி மனுஷன்.

"முட்டுவலி சார்" என்றேன். "இறங்கினா திரும்பக் கேற முடியாது."

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்படியே ஓட்டினார். பாஸ்.

திரும்பும்போது அண்ணன் கேட்டார். "எதுக்குத் தம்பி பொய் சொன்னே?"

"நான் இறங்கியிருந்தா வண்டி குப்புற விழுந்திருக்கும்ல?"

"அதெப்படி விழும்? ஸ்பிரிங்தான் நேத்தே மாத்திட்டேனே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பின்னே என்னை எந்தினு கூட்டிட்டு வந்தீங்க?"

அண்ணன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒத்தைக்கு வர பயமா இருந்துச்சு."

இப்போதெல்லாம் நான் முன் சீட்டில் உட்காருகிறேன். வேறு யாராவது அதில் ஏறப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.