ஓடிபி சொல்லாத அழுங்கு

ஒரு காட்டில் ஒரு ரேஷன் கடை இருந்தது. மழை பொய்த்துப் புல்லும் புழுவும் அருகிப்போன பிறகு, சைவம் அசைவம் பார்க்காமல் எல்லா மிருகங்களும் அரிசிக்குப் பழகிவிட்டன. புலி மட்டும் எந்தப் பொருளும் வாங்காத கௌரவ அட்டை வைத்திருந்தது. அது எதைத் தின்று பிழைக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் காட்டில் அஞ்சுகம் என்று ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சுபாவம், வீட்டில் இரண்டு குட்டிகள். மாதம் இருபது கிலோ ரேஷன் அரிசியில்தான் மூன்று வயிறும் ஓடியது.

போன மாதம் பரமகுரு என்ற நரி, ஆபீசர் குரலில் வீடு வீடாகப் போன் போட்டது. "உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது. போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." சொன்ன எட்டுக் குடும்பத்து அரிசியும் நரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மான் வீட்டில் மாதம் முழுக்கக் கஞ்சிகூட இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

சிங்கராஜா அரசு விழித்துக்கொண்டது. நரியைப் பிடிக்கவில்லை, அது வேறு துறை. ஆனால் ஆட்டோவில் மைக் கட்டி, கிளியை உட்காரவைத்து, காடு முழுக்கக் கத்தவிட்டது. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். யாரிடமும் என்றால் யாரிடமும்."

அஞ்சுகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரமே நரி போன் செய்தபோது, "வைடா போனை" என்று ஒரே அதட்டல். காடே அசந்துபோனது. அஞ்சுகத்துக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள்.

மாதக் கடைசி நாள், அஞ்சுகம் அட்டையோடு கடைக்குப் போனது. கடைக்காரர் கனகசபை ஒரு பெருச்சாளி. நல்ல மாதிரிதான், எடையில் மட்டும் கொஞ்சம் கை சுருக்கம். அஞ்சுகம் விரலை மெஷினில் வைத்தது. புற்றைத் தோண்டித் தோண்டி ரேகை தேய்ந்துபோயிருந்ததால் மெஷின் உதட்டைப் பிதுக்கியது.

"ரேகை விழலக்கா. போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"நான் யாரோ இல்லக்கா, கடைக்காரன்."

"அவனும் யாரோ இல்லைன்னுதான் சொன்னான். ஆபீசராம்."

"இன்னைக்கு விட்டா இந்த மாச அரிசி போயிரும்க்கா."

"அவசரப்படுத்துவாங்கன்னும் கிளி சொல்லிச்சு."

வரிசையில் பின்னால் நின்ற ஆமைக்கே பொறுமை போய்விட்டது. "சொல்லித் தொலையேன் அஞ்சுகம்" என்றது. அவ்வளவுதான், அஞ்சுகம் போனை வயிற்றோடு அணைத்துச் சுருண்டுகொண்டது. பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதியானது. வரிசை நகர வேண்டுமே என்று அஞ்சுகத்தை மெல்ல ஓரமாக உருட்டிவிட்டார்கள்.

அங்கிருந்து அஞ்சுகம் புகார் கொடுக்கப் போனது. அலுவலகத்தில் இருந்த கரடி முழுசாகக் கேட்டு உருகிப்போனது. "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. புகாரைப் பதிய உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

அஞ்சுகம் அங்கேயும் சுருண்டது.

வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பும்போது, குட்டிகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்ததும் அதற்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதிரே பரமகுரு நரி.

"என்னக்கா அழறீங்க?"

"எல்லாம் உன்னாலதான்டா. ஓடிபியைச் சொல்லவும் கூடாதாம், சொல்லாம அரிசியும் இல்லையாம்."

நரிக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "சொல்லவே சொல்லாதீங்கக்கா. என்கிட்டக்கூடச் சொல்லாதீங்க. கார்டையும் போனையும் மட்டும் குடுங்க, நம்பர் வந்தா நானே பாத்துக்கறேன். ஆளுக்குப் பாதி."

அஞ்சுகம் நின்று யோசித்தது. சொல்லக்கூடாது என்றுதான் கிளி கத்தியது. கொடுக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை.

கடை மூடக் கால் மணி நேரம் இருந்தபோது நரி உள்ளே நுழைந்தது. மெஷின் ஆளைப் பார்ப்பதில்லை, நம்பரைத்தான் பார்க்கும். கனகசபையும் மெஷின் பார்ப்பதைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. ஓடிபி வந்தது, அரிசி வந்தது. நரி நேராக அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்து போனையும் அட்டையையும் திருப்பிக் கொடுத்து, பத்துக் கிலோவை அளந்து கொட்டியது. எடையில் ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை. குட்டிகள் வயிறாரச் சாப்பிட்டன. அஞ்சுகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அரிசியும் வந்தது, அது கடைசிவரை யாரிடமும் வாயைத் திறக்கவும் இல்லை.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் ஈ காக்கைகூட இல்லை. அட்டையும் போனுமாக வரிசை முழுக்க நரி வீட்டு வாசலில் நின்றது. ஓடிபி சொல்லி ஏமாந்தவர் காட்டில் ஒருவர்கூட இல்லை என்று அறிவித்து, சிங்கராஜா கிளிக்கு விருது கொடுத்தது.

நீதி: ஓடிபியை யாரிடமும் வாயால் சொல்லாதீர்கள். போனோடு கொடுத்துவிடுங்கள், பாதியாவது வீடு வந்து சேரும்.