இத்தியடிக் கிரேக்கன்

ஓடி ஓடிக் களைத்தவர்களைப் பலேர்மோவில் தெருவுக்குப் பத்துப் பேராவது காணலாம். ஓடாமலே களைத்த மனிதர் ஒருவர்தான். அவரை நாங்கள் கிரேக்கன் என்று கூப்பிட்டோம். உண்மையான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து கைமாறிவிடும் என்பதால் ஒருவரும் முயற்சிக்கவில்லை.

போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஒரு மண் திடல். அதன் வாசல் பூட்டின் திறப்பு கிரேக்கனிடம்தான் இருந்தது. கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவது, வலை தைப்பது, தங்களுக்குள் அடிபடுகிறவர்களைக் காதில் பிடித்து வெளியே விடுவது எல்லாம் அவருடைய வேலை. மற்ற நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பெருமூச்சு விடுவார். வயது அறுபதை நெருங்கிவிட்டது. வலது முழங்கால் மடங்காது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கிரேக்க நாட்டில் சம்பளத்துக்குக் கோல் அடித்தவர். சென்டர் ஃபோர்வேட்.

நாங்கள் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். இத்தியடி என்கிற யாழ்ப்பாணத்து ஊர்ச் சனம். பலேர்மோவில் படிக்கட்டுக் கழுவுகிறோம், சின்யோராக்கள் என்கிற எசமானியம்மாமாரின் வீடு துடைக்கிறோம், அவர்களுடைய புருஷன்மாரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிடுகிறோம். இந்த நாட்டில் வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. மூளை உள்ளவன் அந்த நேரத்தில் படுத்து நித்திரை கொள்வான். நாங்கள் நாற்பது வயதில், குனிந்து குனிந்து நாரி பிடித்த நிலையில், உதைபந்து விளையாடப் போனோம்.

முதல் நாளே கிரேக்கன் கதிரையில் இருந்தபடி கையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தினார். அவருடைய இத்தாலியனை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"நீங்கள் எல்லாரும் ஏன் இப்பிடி ஓடுறியள்?"

"விளையாடுறம், அண்ணை" என்றார் எங்கள் கப்டன் குகன் அண்ணை.

"ஓடுறது பந்தின்ரை வேலை. அதின்ரை வேலையை நீங்கள் ஏன் செய்யிறியள்? நல்ல ஃபோர்வேட் நிக்கவேணும். பந்து வரும்."

காலையில் ஆறு மாடிப் படி கழுவிவிட்டு வந்தவர்களுக்கு இதைவிட இனிமையான உபதேசம் எங்கே கிடைக்கும்? அடுத்த வியாழன் நோச்சிவெளி ஊர்க்காரரோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். எங்கள் ஆட்கள் எல்லாரும் நல்ல ஃபோர்வேட் ஆகிவிட்டார்கள். பின்னுக்கு நிற்க வேண்டியவன்கூட முன்னுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பந்து வரவில்லை. அது முழுநேரமும் எங்கள் வலைக்குள்ளேயே குடியிருந்தது. ஆட்டம் முடிய கிரேக்கன் வந்து எல்லாருடைய கையையும் குலுக்கினார்.

"நல்லா நிண்டனீங்கள்" என்றார்.

அவர் விளையாடிய கழகங்களை எண்ண இரண்டு கை விரலும் காணாது. வடக்குக் கிரேக்கத்தில் கடலோரத்துச் சொந்த ஊர்க் கழகத்தில் தொடங்கி, சைப்பிரஸ் போய், கடைசியில் இத்தாலியின் மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று படிப்படியாக இறங்கிச் சிசிலிக்கு வந்து சேர்ந்தவர். இதற்குக் கீழே இறங்க நிலம் இல்லை, கடல்தான். ஒவ்வொரு கழகத்தின் கதையும் ஒரே மாதிரித்தான் முடியும். "கோச்சுக்கு என்னை விளங்கேல்லை." இத்தனை நாட்டில் இத்தனை கோச்மாருக்கும் ஒரு மனிதனை விளங்காமல் போனது ஆச்சரியம்தான். நாங்கள் தலையாட்டிக்கொண்டே கேட்போம். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

அவர் எங்கள் ஆளானது என் மகளால். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த கிழமை, மனைவி வசந்தி அவளைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்தாள். கிரேக்கன் கதிரையை விட்டு எழுந்து வந்து, பிள்ளையை ஆசையாக உற்றுப் பார்த்து, "தூ, தூ, தூ" என்று அவள் பக்கமாகத் துப்பினார். குகன் அண்ணை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தார்.

"அண்ணை, விடுங்கோ!" என்று கத்தினாள் வசந்தி. "அந்தாள் நாவூறு கழிக்குது!"

விசாரித்தால் உண்மைதான். அவர்கள் நாட்டிலும் வடிவான பிள்ளையைக் கண்டால் கண் படாமல் மூன்று தரம் துப்புவார்களாம். வசந்தி அடுத்த வியாழனிலிருந்து அவருக்கும் ஒரு சோற்றுப் பார்சல் கட்டினாள்.

ஆட்டம் முடிந்து நாங்கள் மதிலோரம் இருந்து கதைக்கும்போது அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் என்ன கதைப்போம்? பெரும்பாலும் வேலிச் சண்டை. இத்தியடியில் குகன் அண்ணையின் காணியும் எங்கள் காணியும் அடுத்தடுத்தவை. வேலியை எங்கள் அப்பா நகர்த்திப் போட்டார் என்பது அவர் கட்சி. அங்கே இப்போது இரண்டு வீடும் இல்லை, வேலியும் இல்லை. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. வருடக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டுத்தான் கிரேக்கன் தமிழ் பழகினார்.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் தமிழர் விளையாட்டு விழா நடக்கும். நேப்பிள்ஸ், ஜெனோவா என்று எல்லா இடத்திலிருந்தும் கப்பலில் வருவார்கள். ஊர்க் கழகங்களுக்கு இடையில்தான் போட்டி. அந்த ஊரில் பிறந்தவர், இல்லாவிட்டால் அந்த ஊரில் பெண் எடுத்தவர் மட்டும்தான் விளையாடலாம். அந்த வருடம் எங்களில் இரண்டு பேரைச் சின்யோராக்கள் கடற்கரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஓகஸ்டில் அவர்கள் கடலுக்குப் போனால் சமையலுக்கும் ஆள் போகத்தானே வேண்டும். மிஞ்சியது பத்துப் பேர். எங்களுக்கு ஓராள் குறைந்தது.

"விலகிக்கொள்ளுவம். எனக்கும் ஏலாமல் கிடக்கு" என்றேன் நான். மெய்யாகவே ஒருவித நிம்மதியோடுதான் சொன்னேன்.

அப்போதுதான் கிரேக்கன் வாயைத் திறந்தார். "நான் வரட்டோ?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். சொந்த ஊர்க் கழகத்தில் விளையாடிய காலம், பருவத்தின் கடைசி ஆட்டம், கடைசி நிமிடம், ஒரு பெனால்டி. அதை அவர்தான் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலால் போனது. கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. சனம் அவருடைய சட்டையைச் சந்தியில் வைத்து எரித்தது. தகப்பனின் கோப்பிக் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த கிழமை ஊரை விட்டவர் பிறகு திரும்பிப் போகவேயில்லை.

"மற்றக் கிளப்புக்கு விளையாடினது சம்பளத்துக்கு" என்றார். "ஒரு ஊருக்காக விளையாடினது அதோடை சரி. இன்னொருக்கா விளையாடவேணும். அதுக்குப் பிறகு கதிரையிலை இருக்கிறன்."

இதற்குப் பிறகு யாரால் விலக முடியும்?

விழா பலேர்மோவின் எல்லையில் சாக்குல்லிப் பக்கம், மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மைதானத்தில் நடந்தது. பதிவு மேசையில் ஜெனோவாவிலிருந்து வந்த மாஸ்டர் இருந்தார். ஊரில் வாத்தியாராக இருந்தவர். இப்போது ஜெனோவாவில் ஏதோ கம்பெனியின் கந்தோர் கூட்டுகிறார். வாத்தியார்ப் பார்வை மட்டும் போகவில்லை. கிரேக்கனை மேலும் கீழும் பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, ஏனென்றால் ஆள் ஆறடிக்கு மேல்.

"எந்த ஊர்?"

"இத்தியடி" என்றார் கிரேக்கன்.

"இத்தியடியிலை எவடம்?"

"கோயிலடி. தெற்கு ஒழுங்கை." இதுவரை குகன் அண்ணை பாடமாக்கி விட்டது.

"அதிலை ஆரின்ரை காணிக்குப் பக்கத்திலை?"

இது பாடத்தில் இல்லை. குகன் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். கிரேக்கன் அசையவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"இவையின்ரை காணிக்குப் பக்கத்திலை. இவரின்ரை அப்பா வேலியைத் தள்ளிப் போட்டவர். கிணத்தடியிலை இருந்து பூவரசு மட்டும். பிழை இவையிலைதான்!"

"பொய்!" என்று நான் கத்திவிட்டேன். "பூவரசு எங்கடை!"

"உங்கடை இல்லை! குகனின்ரை அப்பப்பா நட்டது!"

நானும் ஒரு கிரேக்கனும் பலேர்மோவில் நடு வெயிலில் இத்தியடிப் பூவரசுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றோம். மாஸ்டர் பேனையை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இத்தியடியான் இல்லாதவன் இந்த வேலிக்காக இவ்வளவு கத்தமாட்டான். விடுங்கோ, விளையாடட்டும்."

பூவரசு எங்களுடையதுதான். அது இருக்கட்டும்.

ஆட்டம் நோச்சிவெளியோடு. கிரேக்கன் எதிரணிக் கோலுக்கு முன்னால் போய் நின்றார். நின்றார் என்றால் நின்றார்தான். வெயில் ஏறியது, நாங்கள் நாக்குத் தள்ள ஓடினோம், அவர் நட்ட மரம் மாதிரி நின்றார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டுச் சமநிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் எங்கள் பெடியன் ஒருவனை எதிராளி காலைத் தட்டி விழுத்தினான். பெனால்டி.

குகன் அண்ணை பந்தை எடுத்துக் கிரேக்கனிடம் கொடுத்தார். அவர் பந்தைத் திருப்பி நீட்டினார்.

"ஏலாது. நீ அடி."

"உங்களுக்காகத்தான் வந்தனாங்கள், அண்ணை. அடியுங்கோ."

பந்தை வைத்தார். குனிந்து எழும்பவே பாடுபட்டார். கரையில் நின்ற இத்தியடிப் பெண்கள் மூன்று தரம் துப்பினார்கள். அவர் இரண்டு எட்டு வைத்து உதைத்தார்.

பந்து கம்பத்துக்கு மேலால், மதிலுக்கு மேலால், மண்டரின் மரங்களுக்குள் போய் விழுந்தது. அதன் பிறகு வந்த பந்தை நோச்சிவெளிக்காரர் எங்கள் வலைக்குள் போட்டு ஆட்டத்தை முடித்தார்கள்.

கிரேக்கன் சட்டையைக் கழற்றினார். ஒழுங்காக மடித்தார். கொண்டுவந்து குகன் அண்ணையிடம் நீட்டினார். அந்தச் சட்டையை நாங்கள் என்ன செய்வோம் என்று அவர் நினைத்தார் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

குகன் அண்ணை சட்டையை விரித்து உதறி, திரும்ப அவருடைய தோளில் போட்டார்.

"என்னத்துக்குக் கழட்டுறியள்? பெனால்டி விட்டவனை இத்தியடி ஊரை விட்டுக் கலைக்காது. சாகுமட்டும் சொல்லிக் காட்டும், அவ்வளவுதான். வாங்கோ, சோறு ஆறுது."

அவர் அப்படியே புல்லில் இருந்து அழுதார். பெரிய மனிதர், பெரிய சத்தம். நாங்கள் சோற்றுப் பார்சலோடு அவரைச் சுற்றி இருந்துகொண்டோம். சொன்ன சொல்லையும் காப்பாற்றினோம். ஒரு வியாழன் விடாமல் அந்தப் பெனால்டியைச் சொல்லிக் காட்டினோம். "மண்டரின் பழம் பிடுங்கவோ அடிச்சனீங்கள்?" என்று கேட்டால் அவர் கதிரையில் இருந்து பூரிப்பார்.

இந்த வருடம் மாசியில், கிரேக்க நாட்டில், பிறந்த ஊரில் இருக்கிற தன் தங்கச்சியை ஒருமுறை போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னார். இத்தனை காலத்துக்குப் பிறகு முதல் தரம். வியாழன் பின்னேரம் நாங்கள் எல்லாரும் துறைமுகத்துக்குப் போனோம். நேப்பிள்ஸ் வழியாகத்தான் போகவேண்டும், அந்தக் கப்பலுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"பயமோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "என்ன செய்வினம்? சொல்லிக் காட்டுவினம். எனக்குப் பழகிப்போச்சு."

"அப்ப ஊருக்குப் போறியள்" என்றார் குகன் அண்ணை.

கிரேக்கன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"அங்கை ஒருக்காப் போயிட்டு, ஊருக்கு வாறன்" என்றார்.

இன்னும் வரவில்லை. போன வியாழன், விளையாடிக் களைத்து மதிலோரம் இருந்தபோது, வாழ்நாளில் ஒரு அன்பான சொல் பேசியறியாத குகன் அண்ணை சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, "எனக்கு மனம் அந்தாளைத் தேடுதடாப்பா" என்றார்.

எனக்கும்தான்.