அத்தானுக்கு நான் கேட்ட ரத்தப் பரிசோதனை

நான் ஒருவரைக் காதலித்தேன் என்று என் குடும்பமே நம்புகிறது. அவர் என் அக்காவின் கணவர். இந்த அபாண்டத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனமும், அப்போது எனக்கிருந்த அதிகப்பிரசங்கித்தனமும்தான் காரணம்.

மரபியல் கடைசி வருடம் படித்தபோது, திண்டுக்கல் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே அந்த நிறுவனத்துக்கு ஆன்லைனில் இன்டர்ன்ஷிப் செய்தேன் (சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு). யூதர்களிடையே அதிகம் காணப்படும் சில பரம்பரை நோய்களைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவது அவர்கள் வேலை. படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது என் வேலை. ஆணும் பெண்ணும் ஒரே மரபணுக் குறையை வெளியே தெரியாமல் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். அதனால் அங்கே பலர் கல்யாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் அந்த ஆபத்து இன்னும் கூடும் என்று படித்ததும் பகீரென்றது. அக்காவை எரியோட்டில் இருக்கும் மாமாவின் மகன் செந்தில் அத்தானுக்குத்தான் பேசியிருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்ல காரியம் பேசுறப்ப வாயக் கழுவுடி" என்றாள். விட்டேனா? மாமா வீட்டார் வேன் பிடித்துப் பூ வைக்க வந்த அன்று, கேசரி முடிந்த கையோடு லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். திரையில் யூத மணமக்கள் இருவர் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை எதுக்கு நடு மண்டையில தொப்பி வச்சிருக்காரு?" என்றார் மாமா.

"அது முக்கியமில்ல மாமா. அத்தானும் அக்காவும் ஒரு ரத்த டெஸ்டு எடுக்கணும். அதுவரைக்கும் பூ வைக்க வேணாம்."

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "எந்தூர்லயோ இருக்கவுகளுக்கு வர்ற நோயி. அத எங்க வீட்டுக்கு ஏன்டி கூட்டியார?"

பத்து நிமிடம் விளக்கினேன். கடைசியில் அத்தை பெருமூச்சு விட்டார். "எனக்கு வெளங்கிருச்சு. புள்ள மனசுல அம்புட்டு ஆச இருந்திருக்கு."

"யார் மேல?"

"அத எங்கிட்டயே கேக்குறியா?"

மூன்று வாரம் கண் விழித்துப் படித்த அறிவியலை இவர்கள் மூன்று நொடியில் பொறாமை ஆக்கிவிட்டார்கள்! "அய்யோ, எனக்கு அவரச் சுத்தமாப் புடிக்காது!" என்று கத்தினேன்.

"ஏன், எம் மகனுக்கு என்ன கொறச்சல்?" என்று மாமா எழுந்துவிட்டார். அத்தானோ அந்தக் களேபரத்திலும் தலைமுடியைக் கோதிக்கொண்டார். (இன்றுவரை நான் மன்னிக்காதது அதைத்தான்.) அக்கா அழுதாள். "உனக்கு வேணும்னா நீயே கட்டிக்கடி!" அவள் எட்டு வருடமாக அவரை நினைத்துக்கொண்டிருந்தவள். அந்த அழுகை மட்டும் என்னை உண்மையிலேயே சுட்டது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது அத்தைதான். "ரெண்டு பேரும் டெஸ்ட எடுத்துருங்க. ஒண்ணுமில்லன்னு வந்துட்டா இவ ஆச அத்துப் போயிரும்ல?"

எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். கல்யாணம் நடந்தது. எத்தனை பேரிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தினாய் என்று நிறுவனம் கேட்டதற்கு, வெட்கமில்லாமல் 'இரண்டு' என்று எழுதினேன்.

எனக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும், "மனசொடிஞ்ச புள்ளைக்கு" என்று சொல்லி மாமா ஒரு சின்னாளப்பட்டிச் சுங்குடி கொடுத்தனுப்புகிறார். என் வீட்டுக்காரரே, "உன் ஆளு வீட்ல இருந்து சேல வந்திருக்கு" என்று கூவுகிறார்.

போன மாதம் அத்தை போன் செய்தார். "ஏத்தா, செந்தில் தங்கச்சிக்கும் சொந்தத்துலதான் பேசுறோம். அந்த டெஸ்டு எங்க எடுக்கணும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்களாகவே கேட்கிறார்களே! லேப் பெயர், போகும் வழி, கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காத. இந்தப் பையன் மேலயும் உனக்கு ஏதும் ஆச இல்லையே?"