பெரியவர்களுக்காகக் கவலைப்படுபவர்

அலுவலகங்களில் வாழும் ஓர் இனத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், பெரியவர்களுக்காகக் கவலைப்படுபவர். சாதாரண நாட்களில் அடையாளம் தெரியாது. புதிதாக ஏதாவது கருவி வந்து இறங்கட்டும், முகத்தில் கருணை பொங்கும்.

"எனக்கொண்ணும் இல்ல சார், ரெண்டு நாள்ல பழகிடுவேன். பெரியவங்கதான் பாவம்."

எனக்குத் தெரிந்த ஒருவர், தண்ணீர் பம்புகளுக்கு உதிரிபாகம் விற்கும் நிறுவனத்தில் மேலாளர். வயது ஐம்பத்தைந்து. அங்கே நரைக்காத தலைகளை எண்ணினால், சாயம் பூசியவற்றைக் கழித்தபின், மூன்று தேறும். கிடங்குக்கு ஆள் கேட்டு இரண்டு முறை விளம்பரம் கொடுத்தார் முதலாளி. வந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு அறுபத்தாறு.

இனி ஆள் கிடைக்காது, இருப்பவர்களின் முழங்காலாவது மிஞ்சட்டும் என்று முதலாளி கைக்கடக்கமான கருவிகளை வாங்கிப் போட்டார். பெட்டியின் மேல் காட்டினால் சரக்கு பதிவாகிவிடும்; மேலாளர் தன் கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் அனுமதி கிடைத்துவிடும். கிடங்கிலிருந்து மாடிக்குப் படியேறி வந்து கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

நம்மவர் விடுவாரா? எழுத்து பொடியாக இருக்கிறது, பெரியவர்களுக்குக் கண் தெரியாது என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டார்; எழுத்தைப் பெரிதாக்கித் தந்ததும், சத்தம் கேட்காது என்றார்; சத்தத்தைக் கூட்டித் தந்ததும், சத்தம் கேட்டால் அவர்களுக்குப் படபடப்பு வரும் என்றார். என்ன ஒரு பாசம்! கடைசியில் முதலாளி பொறுமையிழந்தபோது, பாசம் ஒரு ஆளைக் காவு கொடுக்கத் தயாராகிவிட்டது.

"கிடங்கு அம்மாவுக்கு அறுபத்திரண்டு சார். அவங்களுக்கு இது வராது. மரியாதையா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

கிடங்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு படிகள் ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

"உங்களால அந்தக் கருவிய ஓட்ட முடியலையாமே?" என்றார் முதலாளி.

"யார் சொன்னது? ரெண்டு மாசமா ஓட்டிட்டுத்தான் இருக்கேன் சார். அனுமதிதான் வர மாட்டேங்குது. பழையபடி படியேறி வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போறேன்."

முதலாளி கையை நீட்டினார். மேலாளர் தயங்கித் தயங்கிக் கைபேசியைக் கொடுத்தார். நூற்றுப் பதினெட்டு கோரிக்கைகள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"என்னய்யா இது?"

மேலாளர் தரையைப் பார்த்தார். "எங்க தட்டணும்னு... யார்கிட்டயும் கேக்கக் கூச்சமா இருந்துது சார்."

தன்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்த மனிதரைக் கிடங்கு அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க தட்டுங்க சார். அழுத்த வேணாம், தொட்டாப் போதும். வயசானா கை கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். போகப் போகப் பழகிடும்."

அன்று மாலைக்குள் நூற்றுப் பதினெட்டும் தீர்ந்தன. கிடங்கு அம்மா மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். மேலாளர்தான் இப்போது சந்தேகம் கேட்க, தினமும் இரண்டு தடவை கீழே இறங்கிப் போகிறார்.

இதைப் படித்ததும், அச்சு அசல் நம் பெரியப்பா என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமே? கைபேசியில் படமெடுத்து உடனே அவருக்கு அனுப்பிவிடுங்கள். எப்படி அனுப்புவது என்று வீட்டில் யாரையும் கேட்காமல்.