வாய் திறக்காத கன்சோலும் வாய் மூடாத மைக்கும்

கெட்டுப்போன கம்ப்யூட்டரை எப்படியாவது சமாளித்துவிடலாம். நன்றாக ஓடிக்கொண்டே, வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரிடம் மாட்டியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். என் முதல் இண்டர்வியூவில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒன்றிடம் நான் மாட்டினேன். மாட்டியதற்கு முழுக் காரணமும் நான்தான். தப்பித்ததற்கு மற்றவர்கள்தான் காரணம்.

கொழும்பில் ஒரு கம்பெனி, ஆனால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இது கிடைக்காவிட்டால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுக் கொழும்பில் ஏதாவது கடையில் போய்ச் சேர வேண்டியதுதான்.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் வராது. மேட்டில் இருக்கும் மடுவத்தின் ஒரு மூலையில் மட்டும் நன்றாக வரும். (தோட்டத்துக் காதல்கள் பெரும்பாலும் அந்த மூலையில்தான் வளர்ந்தன. அது வேறு கதை.) பகல் நிறுவைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே போய் உட்கார்ந்தேன். கொழும்புக்காரர்கள் பகல் நெருங்கும்போதுதான் கூப்பிட்டார்கள்.

திரையில் இரண்டு பேர். இங்கிலீஷில் கேள்வி கேட்கும் ஒரு சேர், பக்கத்தில் எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு மேடம். என் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு லினக்ஸ் கர்னலை, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளை, சாதாரண புரோகிராம் ஒன்றைப் போல ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் சேர். உள்ளே ஓடும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது, திரையும் கிடையாது. எந்த ஃபைலை டிஸ்க்காக எடுத்துக்கொள்ள வேண்டும், கன்சோல்களை எங்கே திறக்க வேண்டும் என்று கிளப்பும்போதே நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கன்சோல் வழியாகத்தான் அது நம்மிடம் பேசும், நாம் சொல்வதையும் கேட்கும். அதை இதே திரையில் திறக்கலாம், புது விண்டோவில் திறக்கலாம், வேண்டாததை அடைத்தும் விடலாம்.

டிஸ்க்கைச் சரியாகக் கொடுத்தேன். அடுத்தது கன்சோல். கண்டபடி விண்டோ திறந்தால் என் கிழட்டு லேப்டாப் மூச்சுத் திணறிவிடும். அதோடு, "யாருக்குடி எரியுது அந்த லைட்டு" என்று கேட்டுக் கேட்டே அம்மா என்னை வளர்த்தவள். வேண்டாததை அணைப்பது என் ரத்தத்தில் ஊறியது. எல்லாக் கன்சோலையும் அடை என்று ஒரே வரியில் எழுதினேன். முதல் கன்சோலை மட்டும் இந்தத் திரையில் திற என்று இன்னொரு வரியும் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதாமலே, பெருமையாக என்டரைத் தட்டினேன்.

சில வரிகள் வந்தன. அப்புறம் ஒன்றுமே இல்லை.

"ஓடுகிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார் சேர்.

"ஓடுகிறது சேர்."

"எப்படித் தெரியும்?"

கைவசம் இருந்த ஒரே ஆதாரத்தைச் சொன்னேன். "ஃபேன் சுற்றுகிறது சேர்." (அவ்வளவு படித்ததற்கு இதுதான் பலன்.)

நிதானமாகப் பாருங்கள், காத்திருக்கிறோம் என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் கூடையும் பேச்சும் சிரிப்புமாகக் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிறுவைக்கு வந்து சேர்ந்தார்கள். பதறிப்போய் மைக்கை அணைத்தேன். நெட் திக்கித் திணறிக்கொண்டிருந்ததால் சந்தேகம் வந்து, இன்னொரு தடவையும் அழுத்தினேன். (இரண்டாம் தடவை அழுத்தினால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.)

அவர்களில் முதலில் வந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, அழுவுற மாதிரி இருக்க?"

"ஓடுதும்மா. ஆனா பேச மாட்டேங்குது."

"உங்கப்பா மாதிரியா?" என்றவள், தராசடியில் நின்ற கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "ஐயா, புள்ளைக்கு இண்டர்வியூ நடக்குது. கொஞ்சம் பொறுத்து நிறுங்க."

"லொறி வந்து நிக்குது. கொழுந்து வதங்குனா தொரைக்கு நீயா பதில் சொல்லுவ?"

"நான் சொல்றேன்."

"நாங்களும் சொல்றோம்," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா சித்தி, தலையில் மாட்டிய கூடைக் கயிற்றைக்கூட இறக்காமல். "நிக்கிறது எங்களுக்கு என்ன புதுசா? புள்ள பாஸாகட்டும்."

கணக்கப்பிள்ளை எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தராசிலிருந்து கையை எடுத்தார். "சுருக்கா பாரும்மா."

மடுவம் அமைதியானது. அங்கே அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. செல்லம்மா சித்திக்கு இருமல் வந்தது. முக்காட்டுத் துணியை வாயில் திணித்து அடக்கிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். அவளைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"அட மாடே," என்று வாய்விட்டே என்னைத் திட்டிக்கொண்டேன். "எல்லாத்தையும் அடைச்சவ, பேசுற வாயையுமா அடைப்ப? அது பாவம், உள்ளுக்குள்ள கத்திக்கிட்டு கெடக்கு. மொத கன்சோல தெறந்து விடுடி."

ஓடிக்கொண்டிருந்ததை வேறொரு விண்டோவிலிருந்து நிறுத்தி, விட்டுப்போன வரியைச் சேர்த்து, மறுபடி கிளப்பினேன். வரிகள் கடகடவென்று ஓடின; கடைசியில் அது என் பெயரைக் கேட்டு நின்றது.

"பேசிருச்சு," என்றாள் சித்தி. மடுவமே கைதட்டியது.

மைக்கைத் திறக்கலாம் என்று போனேன். அது திறந்துதான் இருந்தது.

அதுவரை வாய் திறக்காத மேடம் நிமிர்ந்தார். வந்தது யாழ்ப்பாணத் தமிழ். "தங்கச்சி, உங்கட மைக் நிக்கேல்லை. எல்லாம் கேட்டது. எங்க பிழை விட்டனீங்கள் எண்டு நீங்களே கண்டுபிடிச்சதும் கேட்டது. நான் சேருக்கும் இங்கிலீசில சொல்லிக்கொண்டுதான் இருந்தனான்." (அப்பாவைப் பற்றியதையும் விடவில்லை. சேரின் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.) "அம்மாவிட்ட சொல்லுங்கோ, இனிக் கொழுந்தை நிறுக்கலாம் எண்டு."

வேலை கிடைத்தது. இன்றும் அம்மாவோடு இருந்துகொண்டே, அதே மடுவத்து மூலையில் அதைச் செய்கிறேன். நிதானமாகப் பாருங்கள் என்று காத்திருந்த அந்தக் கொழும்புக்காரர்களுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. கொழுந்தோடு நின்றவர்களிடம் சொல்லப் போனால், "போடி, வேலையப் பாரு" என்று விரட்டுகிறார்கள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்: நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சேருக்கு நான் சொன்ன ஃபேன் பதிலை அம்மாவிடம் சொல்லிச் சிரித்த நாளிலிருந்து எங்கள் லயத்தில் யார் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன, ஃபேன் சுத்துதா?" கோபித்துக்கொண்ட புருஷன்மாரிடமும் கேட்பார்கள், கோயிலில் கண்மூடி நிற்பவரிடமும் கேட்பார்கள்.

போன வருஷம் பதுளை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷன். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகும் வெகுநேரம் கண் திறக்கவில்லை. மயக்க மருந்துதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பயம் போகவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் செல்லம்மா சித்தி, இந்தப் பக்கம் நான். கையைப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறக்காமல் அவள் உதடு மட்டும் அசைந்தது.

"சுத்துதுடி."

சித்தி கைதட்டிவிட்டாள். நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.