நேரடிக் கரைப்புத் திட்டம்

"சாயப்பொடியை வெந்நீர்ல குழைச்சு, துணியில வடிகட்டி, அப்புறந்தாங்க தொட்டியில—"

"ஒரே தண்ணியில ரெண்டு தடவை எதுக்குக் கரைக்கணும் குழலி? டைம் வேஸ்ட்டுன்னு பயிற்சியில அந்த சார்—"

"கட்டி தட்டும்னு சொல்லிக்கினே இருக்கேன்—"

"கட்டி தட்டும்ன்றதே 'நெகட்டிவ் திங்கிங்'."

இவ்வுலகில் பொருள்கள் தாமாகக் கரைவது இயற்கை. உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கரைவது நிர்வாகம். இந்த மகத்தான வேறுபாட்டைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்த பெருமை சாயப்பட்டறை வேணுகோபாலையே சேரும். சென்னையில் ஏசி ஓட்டலில் நடந்த 'தொழில் மேம்பாட்டுப் பயிற்சி'யில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர். திரும்பியதும் 'நேரடிக் கரைப்புத் திட்டம்' அறிவித்தார். சாயப்பொடியைத் தனியாகக் குழைப்பதும் வடிகட்டுவதும் ரத்து. பொடி நேராகத் தொட்டிக்குள் போகும்; கரைய வேண்டியது பொடியின் பொறுப்பு.

அவர் மனைவி ஏலவார்குழலிக்கு இதில் ஒரே ஒரு சங்கடம். திட்டத்தின் முதல் 'பயனாளி'யாக அவர் தேர்ந்தெடுத்தது, மகள் ஜீவிதாவின் முகூர்த்தப் புடவைக்கான பட்டு நூலை. கல்யாணம் நெருங்கிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் நூலுக்காகக் காத்திருந்தார்.

"கேவுரு மாவை நேரா கொதிக்கிற தண்ணியில கொட்டினா கூழா வருது? மேல மட்டும் வெந்து, உள்ள மாவாவே கிடக்குது இல்ல?" என்றாள் குழலி.

கூழுக்கும் சாயத்துக்கும் முடிச்சுப் போடுவது பயிற்சியில் இல்லை என்றார் அவர். கல்யாணமான புதிதில் இதே கூழைச் சொல்லி, ஒரு கட்டிகூட இல்லாமல் சாயம் கரைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பயிற்சி அதையும் வெற்றிகரமாக அகற்றியிருந்தது.

பொடி விழுந்தது. உத்தரவு அதன் காதுக்கு எட்டவில்லை போலும். உருண்டை உருண்டையாகத் திரண்டு, தோல் மட்டும் நனைந்து, உள்ளே காய்ந்தபடியே மிதந்து, நூலில் ஒட்டிய இடத்திலெல்லாம் உடைந்தது. அரக்கு நிற நூலை வெளியே எடுத்தபோது, அம்மை போட்டதுபோல் கருத்த புள்ளிகள்.

உடனே பட்டறையிலேயே 'அவசர ஆலோசனைக் கூட்டம்'. வருகை: வேணுகோபால், குழலி, அடுப்பு பார்க்கும் துரைக்கண்ணு. அலசினால் போகுமா என்று குழலி கேட்டதற்கு, பட்டு ஒருமுறை பிடித்த சாயத்தை விடாது என்று விளக்கம் அளிக்கப்பட்டது. மேலே இன்னொரு சாயம் ஏற்றினால் கறுப்பாகிவிடும். முகூர்த்தத்துக்குக் கறுப்பு ஆகாது. ஆகவே அவை கறை அல்ல, 'டிசைன்' என்ற தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. துரைக்கண்ணு கை தூக்கியது முதுகு சொறிய. அதுவும் ஓட்டில் சேர்ந்தது.

"ஃபாரின்ல இதுக்குத்தான் கிராக்கி," என்றார் வேணுகோபால். "ஜீவிதா அதிர்ஷ்டக்காரிமா. இந்த ஊர்ல எந்தப் பொண்ணும் இப்படி ஒண்ணு கட்டினதில்ல."

குழலி வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில், தாரை வார்க்கும்போது அவர் கட்டுவதற்காக வாங்கிவைத்திருந்த வெள்ளைப் பட்டு வேட்டி. தொட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. வேட்டியைப் பிரித்து அதன் மேலே பிடித்தபடி, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"பொண்ணு அவ்ளோ அதிர்ஷ்டத்தோட மணையில உக்காரும்போது, அப்பா மட்டும் வெள்ளையா நிக்கலாமாங்க? இதையும் முக்கிடட்டுமா?"