இன்னும் கொஞ்சம் கெட்டியாக

தைலம் கெட்டியாகவில்லை.

சிங்காரம் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். உருகின நெய் போல வழுக்கியது.

"லோகா, இது இன்னா இப்படி ஓடுது?"

"தைலம்னா ஓடத்தான் செய்யும். முட்டியில தடவிக்கறதுக்கு இது போதாதா?"

"தொரை கெட்டியா கேட்டிருக்காரு."

"அவரு கேப்பாரு. நீ ஏன் தலையாட்டினே?"

போன வாரம் பழவேற்காட்டுக் கோட்டையின் ஒல்லாந்துத் தொரை, கரையில் தன் படகிலிருந்து இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்ததைச் சிங்காரம் பார்த்துவிட்டான். வெள்ளைக்காரனுக்கும் முட்டி வலிக்கும் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. வீட்டுக்கு ஓடினான். மனைவி லோகநாயகி கொல்லையில் முளைத்த நொச்சி, எருக்கு, வாதநாராயணன் தழைகளைக் காய்ச்சி வைத்திருந்த தைலத்தில் ஒரு சட்டியை எடுத்து வந்தான். கையில் கொடுக்கக் கூச்சம். தொரையின் படகிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

நேற்றுக் காலை, தொரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி மாசிலாமணி வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சட்டியை வெச்சது நீதானாமே? தொரைக்குப் புடிச்சிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் இன்னொரு சட்டி வேணுமாம், கொஞ்சம் கெட்டியா. சரியா இருந்தா கோட்டைப் படகு ஓட்டற வேலை உனக்குத்தான்."

அப்போதிலிருந்து சிங்காரத்தின் கால் தரையில் பாவவில்லை. இதுநாள்வரை அடுத்தவன் படகில் வலை இழுத்தவன் அவன். ராத்திரி முழுக்க, இல்லாத படகைத் தூக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டிலிருந்த தேன்மெழுகு முழுவதையும் சட்டியில் போட்டான். வெயிலுக்கு அது இளகி, தைலம் பழையபடியே ஓடியது. அப்போதுதான் படகுக்காரன் மூளைக்கு ஒரு யோசனை வந்தது.

"குங்கிலியம் போட்டா இன்னா?"

"அது படகுப் பலகை இடுக்குல அடைக்கற பிசின்யா!"

"பலகையைப் புடிச்சிக்கறது முட்டியைப் புடிச்சிக்காதா?"

லோகநாயகி அகப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அவள் பேசினால் சண்டை. தள்ளி உட்கார்ந்தால் நடக்கப்போவதைப் பார்க்கக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம். 

சிங்காரம் குங்கிலியத்தை இடித்துப் போட்டான். தைலம் கெட்டியானது. ரொம்பக் கெட்டியானது. அகப்பை அதில் கொடிமரம் போல நின்றது. இழுத்தான், சட்டியும் கூடவே எழுந்து வந்தது.

"எண்ணெய்! லோகா, எண்ணெய் குடு!"

"மிச்சம் இருக்கறது சுறா எண்ணெய்தான்."

"அது போதும், ஊத்து!"

தைலம் இளகியது. கூடவே ஊர்ப் பூனைகள் எல்லாம் வேலியோரம் வந்து உட்கார்ந்தன. நாற்றத்தை மறைக்கத் தாழம்பூவைக் கிள்ளிப் போட்டான். நொச்சியை இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டான். எல்லாம் சேர்ந்து கொதித்துக் கன்னங்கரேலென்று ஆயிற்று. நாற்றம் மட்டும் போகவில்லை. தாழம்பூ சூடிய சுறாவாக மாறியிருந்தது.

லோகநாயகியின் தம்பி பூபதி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"இன்னா மாமா, செத்த திமிங்கலத்துக்குச் சடங்கு பண்றியா?"

"நல்ல நேரத்துல வந்தே! உனக்கு முட்டி வலின்னியே, காலை நீட்டு."

"அது ஐப்பசியில மாமா. இப்ப நல்லாத்தான் இருக்கு."

"இன்னும் நல்லா ஆவும்!"

வலது முட்டியில் ஒரு கை அப்பினான். "கொஞ்சம் வெயில்ல காய்" என்று அவனை வெளியே உட்கார வைத்தபோது துபாஷி ஆளோடு வந்து சேர்ந்தார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தும்மினார்.

"கெட்டியாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சிங்காரம் கையைத் தட்டிக் குதித்தான். "படகு வந்திடுச்சுடி லோகா!"

வெளியிலிருந்து அலறல் கேட்டது. "மாமா! காலு மடங்கல மாமா!"

பூபதியின் முட்டி நட்டுவைத்த கழி போல நீட்டியபடியே நின்றது. வேட்டி அதோடு ஒன்றாகிவிட்டிருந்தது. சிங்காரம் வேட்டியைப் பிடித்து இழுத்தான். முடியோடு கொஞ்சம் வந்தது. பூபதி போட்ட சத்தத்தில் பூனைகள் வேலியை விட்டு ஓடின.

லோகநாயகி எழுந்து வந்து பார்த்தாள்.

"தொரை காலும் இப்படித்தானே நிக்கும்?"

சிங்காரம் ஓடினான். வலை உலர்த்துகிறவர்கள் "இன்னாடா, இன்னா ஆச்சு?" என்று கத்தினார்கள். ஓடிக்கொண்டே கோட்டைப் பக்கம் கையைக் காட்டினான். பின்னால் லோகநாயகி ஓடி வந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலை விறைத்தபடி பூபதி தாவித் தாவி வந்தான். என்ன ஏதென்று தெரியாமலே பாதிக் குப்பம் அவர்கள் பின்னால் கிளம்பியது.

கோட்டையை ஒட்டிய கரையில் தொரையின் படகு மணலில் ஏற்றிக் கிடந்தது. பக்கத்தில் துபாஷி. அவர் காலடியில் சட்டி. வழித்தெடுத்த காலிச் சட்டி.

சிங்காரம் தடாலென்று விழுந்தான்.

"ஐயா, என் பொண்டாட்டி மேல தப்பில்ல! குங்கிலியம் போட்டது நானு, சுறா எண்ணெய் ஊத்துனதும் நானு. படகும் வேணாம், ஒண்ணும் வேணாம். தொரை முட்டி மடங்குதான்னு மட்டும் சொல்லிடுங்க!"

மாசிலாமணி அவனைப் பார்த்தார். விறைத்த காலோடு நின்ற பூபதியைப் பார்த்தார். குனிந்து காலிச் சட்டியை எடுத்தார். 

"முட்டிக்கு எவன்யா பூசுனான்? போன தபா நீ படகுல வெச்சதையும் ஓட்டை அடைக்கறதுக்குன்னு நெனச்சு தொரை இந்தப் படகுலதான் பூசினாரு, நிக்காம வழிஞ்சுது. இப்பதான் உனக்குக் கை வந்திருக்குன்னு சொல்லிப் படகை உன்கிட்டயே விடச் சொல்லிட்டாரு!"